பால் டின்னுக்குள்ளே நம்ம செம்பனை

போன மாதம் மீன் வாங்கப் பாசிர் பெனம்பாங் போயிருந்தேன். மீனை வாங்கிய கையோடு பக்கத்து மளிகைக் கடையில் நின்றபோது, நம்ம தோட்டப்புறத்து அக்கா ஒருவர், வயது எழுபதைத் தாண்டியிருக்கும், “தவுக்கே, பால் ரெண்டு டின்னு” என்றார். தவுக்கேயும் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தார். நான் ஒரு டின்னைத் திருப்பிப் பார்த்தேன். ‘கிரிமெர் மானிஸ்’ என்று போட்டிருந்தது. அதாவது இனிப்புக் கிரீமர். பால் என்ற சொல்லே அந்தப் பெயரில் இல்லை.

“அக்கா, இது பால் இல்லீங்க” என்றேன்.

“என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? அம்பது வருஷமா இதைத்தானே கலக்குறேன்!”

அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. அதே உருண்டை டின், அதே இனிப்பு, அதே வெளுத்த மஞ்சள் நிறம். உள்ளே இருக்கிற சரக்குத்தான் ஆள் மாறிப் போச்சு. அதை நமக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

சாமான் பட்டியலைப் படித்தால் விஷயம் தெரியும். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். இந்த டின்களில் சீனி முன்னால் நிற்கிறது. பசும்பாலின் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்பனை எண்ணெய் இருக்கிறது. பால் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் பால் பவுடர். உலக உணவுத் தரக் குறியீடான கோடெக்ஸ், அசல் கட்டிப்பாலில் குறைந்தது 8 விழுக்காடு பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்குக்கு உட்படாத சரக்கு என்பதால்தான் இதற்குப் பெயரே வேறாகிவிட்டது.

இது எப்படி நம் லயத்துக்கு வந்தது என்பதைப் பார்ப்போம்.

பாலைச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்கும் வித்தைக்கு 1856-ல் அமெரிக்காவில் கெயில் போர்டன் என்பவர் காப்புரிமை வாங்கினார். டின்பாலில் சீனி சுவைக்காக மட்டும் போட்டதல்ல. கெட்டுப் போகாமல் காப்பதும் அதுதான். அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு அந்த டின்கள் போயின. 1866-ல் சுவிட்சர்லாந்தில் ஆங்கிலோ-சுவிஸ் கம்பெனி தொடங்கியது. பால்காரிப் பெண் படம் போட்ட டின் அவர்களுடையது. பிறகு அது நெஸ்லேயோடு சேர்ந்தது. 1912-ல் பினாங்கில் கடை விரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்கும் படம் புரியும் அல்லவா! நம் பாட்டிமார் சாப்புப் பார்த்துத்தான் வாங்கினார்கள். படம் அதேதான் என்றால் சரக்கும் அதேதான் என்று நம்பினார்கள்.

மின்சாரம் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை. டின்னில் கத்தியால் ரெண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் காகிதத்தைத் திருகி அடைத்து, எறும்புக்குப் பயந்து தண்ணீர் ஊற்றிய தட்டில் வைப்பார் என் அம்மா. தீர்ந்த டின்தான் அரிசி அளக்கப் படி. மேலே கயிறு கட்டினால் ஒட்டுக்கடையிலிருந்து காப்பி வாங்கி வரப் பாத்திரம். அப்படி வீட்டில் ஒரு ஆளாகவே ஆகிவிட்டது அந்த டின்.

அப்போது லயத்துக்குப் பின்னால் மாடும் இருந்தது. ரப்பர் காட்டில் மாடு மேய்ந்தால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். கன்றுச் செடியை மாடு தின்கிறது என்று நிர்வாகத்திலிருந்து ஓலை வந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு மாதத்துக்குள் மாட்டை விற்கச் சொன்னார்கள். என் தகப்பனார் விற்ற விலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. மாடு போனதும் டின்தான் கதி என்றாயிற்று.

செம்பனை என்றதும் நம் பக்கத்துக் கதை ஒன்று. 1917-ல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இந்தக் கோலசிலாங்கூரில்தான், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், மலாயாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை பயிரிட்டார். (2007-லிருந்து அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர்.) தோட்டத்தின் பெயரோ தமிழ், அதுவும் தென்னை! குலை வெட்டியதும், உதிரிப் பழம் பொறுக்கியதும், மூட்டை சுமந்ததும் நம் ஆட்கள். அந்த எண்ணெய்தான் இன்று ஆலையில் மணமும் நிறமும் போகச் சுத்திகரிக்கப்பட்டு, பால் கொழுப்பின் இடத்தில் உட்கார்ந்து, டின்னாகி, நம் பெண்டுகளிடமே விலைக்கு வருகிறது.

நம் நாட்டில் பால்மாடு குறைவு. 1960-களில் பெட்டாலிங் ஜெயாவில் ஆலைகள் வந்தன. நெஸ்லே 1962, டச்சு பேபி 1963. வெளிநாட்டுப் பால் பவுடரை வாங்கிக் கரைத்து டின் போடும் தொழில் இங்கேயே வளர்ந்தது. பால் கொழுப்பைவிடச் செம்பனை எண்ணெய் மலிவு. வியாபாரி எதைப் போடுவான்? கணக்குத் தெரிந்தவன் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்தான். டீபோட் என்று தேநீர்க் குடுவைப் படம் போட்டு விற்கிறார்களே, அதை நேர்மையான படம் என்பேன். தேத்தண்ணிக்கு உண்டான சாமான் என்று அது ஒத்துக்கொள்கிறது.

செம்பனை எண்ணெயை விஷம் என்று சொல்ல நான் வரவில்லை. நாம் தின்ற சோறே அதிலிருந்து வந்ததுதான். ஒட்டுக்கடைத் தே தாரிக்கை விடுங்கள் என்று சொன்னால் என்னையே வீட்டை விட்டு விரட்டுவார்கள். என் வயிற்றெரிச்சல் பிள்ளைகளைப் பற்றியது.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் பேசினார். பேச்சின் தலைப்பே ‘பாலும் கொலையும்’. தாய்ப்பால் இருக்க, இனிப்புக் கட்டிப்பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுத்த கைக்குழந்தைகள் சாகின்றன என்று வெள்ளைக்கார வியாபாரிகள் எதிரிலேயே சொன்னார். டின்பால் கம்பெனிகள் தாதி உடுப்புப் போட்ட பெண்களை வீடு வீடாக அனுப்பிய காலம் அது. நம் தோட்டங்களிலும் தாய் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விடுவாள்; பிள்ளை ஆயாக் கொட்டகையில் டின்பால் தண்ணியைக் குடித்துக் கிடக்கும். எத்தனை பிள்ளை எதனால் போச்சு என்று யார் கணக்கு வைத்தது? புட்டிப்பால் விற்பனைக்கு ஒழுங்கு விதி மலேசியாவில் 1979-லும், உலக சுகாதார நிறுவனத்தில் 1981-லும்தான் வந்தது. அந்த அம்மையார் பேசி நாற்பது வருஷம் கழித்து!

இன்றைக்கும் பல டின்களில் ‘பாயிக்கு ஏற்றதல்ல’ என்று மலாயில் ஒரு வரி இருக்கிறது. பாயி என்றால் கைக்குழந்தை. எழுத்து எறும்பு அளவு. கம்பெனி மறைத்தது என்று சொல்ல முடியாது, எழுதித்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த அக்காவின் கண்ணுக்கு அது எட்டுமா? அவர் பேரப்பிள்ளை பள்ளிக்குப் போகுமுன் ஒரு மங்கு வெந்நீரில் மூன்று கரண்டி கலக்கி, “பால் குடிச்சிட்டுப் போ” என்கிறார். பிள்ளைக்குப் போவது சீனியும் எண்ணெயும். 2019 சுகாதார அமைச்சின் ஆய்வில், நாட்டில் வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். மொத்த நாட்டுக்கு அது 18.3. டின் ஒன்றே காரணம் என்று சொல்வது அபாண்டம். அதற்கு அதில் பங்கே இல்லை என்று சொன்னால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டின்னின் முகப்பில், படத்துக்குச் சமமான எழுத்தில், ‘இது பால் அன்று’ என்று மூன்று மொழியிலும் போட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பயனீட்டாளர் சங்கங்கள் இதைக் கையில் எடுக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு நாள் பிள்ளைகளை வீட்டிலிருந்து காலி டின் கொண்டுவரச் சொல்லி, சாமான் பட்டியலை வகுப்பில் வாசிக்க வையுங்கள். வீட்டுக்குப் போய் ஆயாவுக்கு அவர்களே சொல்லட்டும்.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரை மாற்றியாச்சு. போன வாரம் பேத்தியைக் கடைக்கு அனுப்பினேன். “அங்கிள், எண்ணெய் டின்னு ஒண்ணு” என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் சமையல் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்குத் தேத்தண்ணி வரக்காப்பி நிறத்தில்தான் கிடைத்தது.