கொலைகாரி யார்?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததன் பலன், பிற நாட்டு இலக்கியங்கள் சிலவற்றை அந்த மொழி வழியாகப் படிக்க முடிந்தது. அப்படி அறிந்தவர்தான் கிரேக்கச் சிறுகதையாளர் அலெக்சாந்திரோஸ் பாப்பாதியமாந்திஸ்.

1851இல் ஸ்கியாதோஸ் என்ற சிறு தீவில், பாதிரியார் மகனாகப் பிறந்தார். ஏதென்ஸ் நகரில் பத்திரிகைகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்து வயிறு கழுவினார். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைப் பிரெஞ்சிலிருந்துதான் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 170 கதைகள் எழுதியும், உயிரோடு இருந்தவரை ஒன்றுகூடப் புத்தகமாக வரவில்லை. 1911இல் பிறந்த தீவிலேயே காலமானார்.

1903இல் வந்த நெடுங்கதை 'கொலைகாரி'. கிழவி ஹதூலா, பிறந்து சில நாளே ஆன நோயாளிப் பேத்திக்கு இரவெல்லாம் கண்விழிக்கிறாள். பெண்ணாய்ப் பிறந்து தான் பட்டதெல்லாம் நினைவுக்கு வருகிறது. புத்தி தடுமாறிக் குழந்தையின் கழுத்தை நெரிக்கிறாள். பிறகு ஏழை வீட்டுச் சிறுமிகள் சிலரையும் கொல்கிறாள். காவலர்கள் துரத்த, கடலில் மூழ்கிச் சாகிறாள். அந்தக் கடைசி நேரத்தில் அவள் கண்ணில் படுவது, பெற்றோர் சீதனமாகத் தள்ளிவிட்ட உதவாத நிலம்.

இதைப் பைத்தியக்காரி கதை என்று ஒதுக்குவோர் உண்டு. நான் ஒப்பமாட்டேன். கொலை நடக்கும் முன்பே, யாருக்கு எந்த வீடு, எந்த நிலம், எவ்வளவு ரொக்கம் என்று ஆசிரியர் கணக்குப் பார்க்கிறார். குற்றவாளி அந்தக் கணக்கில்தான் இருக்கிறான். பிரெஞ்சில் இதற்குச் 'சிறுமிகளும் சாவும்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். என்னைக் கேட்டால் 'சீதனம்' என்றே வைத்திருப்பேன்.

அந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது. அலுவலகத்தில் சேமநல நிதி முன்பண விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். காரணம்: 'மகள் திருமணம்'. மகன் திருமணத்துக்கும் கேட்பார்கள். ஆனால் சேர்த்ததையெல்லாம் வழித்துத் துடைத்துக் கேட்டவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள்தான்.

கிரேக்கர்கள் 1983இல் சீதனத்தைச் சட்டத்திலிருந்தே நீக்கினார்கள். நம் நாட்டில் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. வந்து என்ன? 'நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்று பேச்சு மாறியது, அவ்வளவுதான்.

பேரன் பேத்தி கல்யாணப் பேச்சில் நடுக்கூடத்து நாற்காலி நம் வயதுக்காரர்களுக்குத்தான். 'எத்தனை பவுன்?' என்ற கேள்வி எழும்போது, வேண்டாம் என்று முதலில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.