எழுத்து தெரியாத அம்மாவும் வாசித்துக் காட்டலாம்

போன மாசம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு வீட்டில் ரெண்டு வயசுப் பொண்ணுக்கு ஒரு படப்புத்தகம் கொடுத்தேன். அவள் அம்மா அதை வாங்கி, பத்திரமாகப் பரண் மேல் வைத்துவிட்டார்.

"எனக்கே எழுத்து தெரியாது சார். பள்ளிக்கூடம் போனா டீச்சர் சொல்லித் தரட்டும்."

அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அவரை அப்படி நம்ப வைத்தது நம்மை மாதிரி படிச்சவங்கதானே! வாசிப்புன்னா 'அ'னா, 'ஆ'வன்னாவில்தான் ஆரம்பிக்கணுமாம். அதற்காக ரெண்டு வயசுக் கையில் பல்பத்தைத் திணிக்கிறோம். சுத்த அபத்தம்.

படத்தில் பலாப்பழம் இருக்கா? "இது என்ன கண்ணு? நம்ம மரத்துல காய்ச்சிருக்கா?" என்று கேட்டால் போதும். மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளம் இல்லீங்க) வீட்டில் பேசும் தமிழிலேயே கேட்கட்டும். காதில் விழாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' ஒன்றாம் வகுப்பில் ஆரம்பிக்கிறது. 2023-ல் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நாலாம் வகுப்பிலிருந்து. நல்ல திட்டங்கள்தான். ஆனா ரெண்டு வயசுக்கு? அங்கன்வாடி சத்துமாவோடு ஒரு படப்புத்தகமும் வீட்டுக்குப் போனால் குறைந்தா போய்விடும்?

கிளம்பும்முன் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னேன். குட்டி ஒரு படத்தைத் தொட்டு என்னவோ கேட்டாள். அம்மா பதில் சொன்னார்.

அதுதாங்க வாசிப்பு. புத்தகம் கிழிஞ்சா கிழியட்டும்!