தொழில் படிப்பு யாருக்கு?

முப்பதாண்டு காலம் அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெறும் குமாஸ்தாவின் கைக்கு, அவர் அதுவரை மொத்தமாகக் கண்டிராத ஒரு தொகை வந்து சேருகிறது. சேமநிதியும் பணிக்கொடையும் வங்கியில் வரவானதாகத் தகவல் வந்த மறு வாரமே ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்துவிடுகிறார்கள். "அத்தான், திருப்பதிக்கு வருகிற கூட்டத்துக்கு ஒரு சிற்றுண்டிக் கடை போட்டால் போதும், உட்கார்ந்து சாப்பிடலாம்" என்கிறார் மைத்துனர். கடைக்கு முன்பணம் கொடுக்கிறார், மேஜை நாற்காலி வாங்குகிறார், பூஜை போடுகிறார். ஓராண்டு கழியுமுன் பெயர்ப்பலகை இறங்குகிறது. மகள் திருமணத்துக்கென்று இருந்த பணமும் அத்தோடு போகிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவருக்கு இந்தக் கதை புதிதன்று.

இதில் உழைப்புக்குக் குறைவில்லை, நேர்மைக்கும் குறைவில்லை. குறைவு பயிற்சியில்தான். ரயிலுக்குக் கொடி காட்டுகிறவருக்குப் பயிற்சி உண்டு; டிக்கெட் கொடுக்கிறவருக்குப் பயிற்சி உண்டு. வாழ்நாள் சேமிப்பைத் தொழிலில் போடுகிறவருக்கு மட்டும் ஒரு நாள் வகுப்புக்கூட இல்லை என்பது விந்தை.

நாட்டில் நிர்வாகப் படிப்பு இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் நிர்வாக அலுவலர் கல்லூரி 1956இல் அமைந்தது. ஆமதாபாத்திலும் கல்கத்தாவிலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் 1961இல் தோன்றின. தொழில்முனைவு, புதுமை, வணிக உத்தி என்ற பெயர்களில் இன்று நடக்கும் குறுகிய காலப் படிப்புகளும் பல. ஆயினும் அவை பெரிய கம்பெனி அதிகாரிகளுக்கானவை, கட்டணம் பல சமயம் லட்சத்தைத் தாண்டும், பாடம் ஆங்கிலத்தில். கட்டணத்தைக் கம்பெனி கட்டுகிறது, அதிகாரி படிக்கிறார். கட்டணம் கட்டக் கம்பெனி இல்லாதவர் எங்கே போவார்?

சிறு வியாபாரிக்கு இத்தகைய படிப்பு பயன்படாது என்று சொல்வோர் காக்கிநாடாவை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெலண்ட், ஹைதராபாத்திலுள்ள சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு 1964இல் காக்கிநாடா வியாபாரிகளுக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சி நடத்தினார். சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் சேர்ந்துவிடும் வேலூரிலும் இதே சோதனை நடந்தது. பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பின்னர் புதிய முதலீடு, புதிய தொழில், கூடுதல் ஆள் என்று முன்னேறினார்கள். பயிற்சி பெறாதவர்களில் அப்படி முன்னேறியவர்கள் கால் பங்கினரே. அவரும் டேவிட் வின்டரும் சேர்ந்து 1969இல் இதை நூலாக வெளியிட்டார்கள். பழைய நம்பிக்கைகளும் பழக்கவழக்கங்களும் தொழில் முன்னேற்றத்துக்குத் தடை இல்லை என்பது இச்சோதனை காட்டிய உண்மைகளுள் ஒன்று. நெற்றியில் திருநீறு இட்டவரும் நாமம் இட்டவரும் இதனால் தைரியம் கொள்ளலாம்.

மெக்லெலண்ட் ஆய்வுகளில் ஒரு விளையாட்டு உண்டு. நட்டு வைத்த குச்சியில் வளையம் எறிய வேண்டும். எங்கே நின்று எறிவது என்பது எறிகிறவர் விருப்பம். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்று போடுவார்கள். சிலர் தொலைவில் நின்று அதிர்ஷ்டத்தை நம்பி வீசுவார்கள். தொழிலில் தேறும் குணம் உள்ளவரோ நடுத்தரத் தூரத்தில் நிற்பார். முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்ற தூரம் அது. சேமிப்பு முழுவதையும் ஒரே கடையில் கொட்டுவது தொலைவில் நின்று வீசுவதாகும். பயந்து ஒன்றும் செய்யாமல் இருப்பது குச்சியின் பக்கத்தில் நிற்பதாகும். நடுவில் நிற்கக் கற்றுத் தருவதே தொழில் படிப்பின் முதல் பாடம்.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில் நடத்துவோரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குக் கணக்கு, சரக்கு, விற்பனை ஆகிய வழக்கமான பாடங்கள். மற்றொரு பிரிவினருக்குத் தாமே முன்வந்து செயல்படுவது, தடை வந்தால் தளராமல் வேறு வழி தேடுவது என்ற பயிற்சி. மூன்றாம் பிரிவினருக்குப் பயிற்சியே இல்லை. முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பாடம் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. கணக்கு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கணக்கு மட்டும் போதாது என்பதே.

புதுமை என்றால் ஏதோ விஞ்ஞானக் கூடத்துச் சமாசாரம் என்று மலைக்க வேண்டியதில்லை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் திரவப் பொருள்களைச் சிறு பாக்கெட்டில் அடைக்க வழி கண்டார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய ஷாம்பு வியாபாரம் இன்று பெரிய நிறுவனமாகிவிட்டது. பாட்டில் வாங்க முடியாதவருக்குப் பாக்கெட் என்பதுதான் அதன் ரகசியம். நம் கண்ணெதிரிலேயே கரகம்பாடி இருக்கிறது. அமெரிக்காவில் பொறியாளராக இருந்து ஊர் திரும்பிய ராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கிய அமரராஜா பாட்டரித் தொழில் இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுகிறது.

அரசுத் திட்டங்களும் இல்லாமல் இல்லை. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் பிறந்த சுயதொழில் பயிற்சி முறையைப் பின்பற்றி, மாவட்டந்தோறும் வங்கிகளின் பொறுப்பில் ஊரகச் சுயதொழில் பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. பயிற்சி இலவசம், சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் 2008இல் வந்தது. அதில் கடனும் மானியமும் பயிற்சியும் சேர்ந்தே உள்ளன. ஆனால் நம்மவர் எத்தனை பேர் இவற்றின் வாசலை மிதித்திருக்கிறார்கள்? காரணம் மொழி. கடைத்தெருவில் சரளமாகத் தெலுங்கு பேசும் நம் மக்களுள் பலருக்குத் தெலுங்கு எழுத்து வாசிக்க வராது. விண்ணப்பத்தைக் கண்டதும் திரும்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2012இல் தொடங்கிய புதிய தொழில்முனைவோர் திட்டமோ தமிழ்நாட்டில் வசிப்போருக்கு உரியது. இரண்டு வண்டிக்கும் நடுவே பிளாட்பாரத்தில் நிற்கும் பயணியின் நிலைதான் நமக்கு.

எனவே சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறோம். சித்தூர், திருப்பதி மாவட்டப் பயிற்சி நிலையங்கள் ஆண்டுக்கு ஒரு பிரிவையாவது தமிழில் நடத்த வேண்டும். ஆள் சேர்த்துத் தருவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடம் தருவதும் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பு. ஓய்வு பெறுவோருக்குப் படிவம் நிரப்பச் சொல்லித் தருவதோடு நில்லாமல், பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதையும் சொல்லித் தர அலுவலகங்கள் முன்வர வேண்டும். நன்றாகக் கடை நடத்துகிறவரும், நடத்தி நஷ்டப்பட்டவரும் அந்த வகுப்பில் பேச வேண்டும். நஷ்டப்பட்டவர் பேச்சே அதிகம் பயன்படும்.

பணியில் இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. 1966ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதியின்றி ஊழியர் வியாபாரம் செய்யலாகாது. குடும்பத்தினர் தொழில் நடத்தினாலும் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவி பெயரில் கடை, மாலையில் கல்லாவில் தாம் என்ற ஏற்பாடு வேலைக்கே உலை வைக்கும். படிக்க வேண்டியவர் இல்லத்தரசியும், வேலை தேடி அலையும் மகனும் மகளுமே. அவர்களை வகுப்புக்கு அனுப்புங்கள். மூன்று மாதத்தில் முதலாளி ஆக்குகிறோம் என்று கட்டணம் கேட்பவர்களிடம் மட்டும் அனுப்பாதீர்கள்.

பெரிய அதிகாரி தவறு செய்தால் கம்பெனி நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். குமாஸ்தா தவறு செய்தால் தாங்கிக்கொள்ள யாருமில்லை. யாருக்குப் படிப்பு அதிகம் தேவை என்பதைப் பொறுப்பில் உள்ளவர்கள் சிந்திப்பார்களாக.