சலைன் மட்டும் போதாது

விபத்தில் ரத்தம் கொட்டுகிறவருக்குப் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றும் பழக்கம் மாற வேண்டும். அளவு மீறிய சலைன் ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது, உடல் சூட்டைக் குறைக்கிறது. அதனால் ஏறும் ரத்த அழுத்தம், அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தக்கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், உடற்பகுதியில் குத்து, குண்டுக் காயம்பட்ட 598 பேரிடம் நடத்தி 1994-இல் வெளியான ஆய்வில், அறுவை அரங்கு சேரும்வரை திரவம் தள்ளிப்போடப்பட்டவர்களில் 70 விழுக்காட்டினர் பிழைத்தனர். உடனே ஏற்றப்பட்டவர்களில் 62 விழுக்காட்டினரே. (தலையில் அடிபட்டவருக்கு இது பொருந்தாது, அவருக்கு ரத்த அழுத்தம் தாழவே கூடாது.)

கசிவை அடைப்பதே முதல் வேலை. இழந்தது ரத்தம், ஈடுசெய்ய வேண்டியதும் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணுக்கள்தான். ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அமிலத்தைக் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். நெடுஞ்சாலையோர அரசு மருத்துவமனைகளில் நள்ளிரவிலும் ரத்தம் கிடைக்க அரசு உடனே வழிசெய்ய வேண்டும்.