மாலை போடுறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்க

மாரான் போகிற பக்தர்களுக்கும், பெரிய மோட்டார் வைத்திருக்கிற நம்ம ஆலயத்துப் பிள்ளைகளுக்கும், அவங்களைப் பெத்தவங்களுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையாப் படிங்க.

பங்குனி உத்திரம் வந்தாலே கிள்ளான், ஷா ஆலாம், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமிருந்து பகாங் மாரானுக்குக் கூட்டம் கிளம்பிடும். ரோடு போடும்போது வெட்டப் பார்த்த மரத்திலிருந்து ரத்தம் வந்தது, அதனால ரோட்டையே விலக்கிப் போட்டாங்க என்று பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மரத்தாண்டவரைக் கும்பிடத்தான் போகிறோம். அந்த வழியாகப் போகிற டிரைவர்கள் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற இடம் அது. முன்னெல்லாம் பஸ், வேன் எடுத்துப் போவோம். இப்போ சில வருஷமா இளைஞர்கள் குழு குழுவா மோட்டாரில் போகிறார்கள். டோமினார், டி.ஆர்.கே., வெர்சிஸ், சி.பி.500 எக்ஸ் என்று விதவிதமா டூரிங் மோட்டார். பார்க்க அழகாத்தான் இருக்கு.

நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டார்: "இந்த மாதிரி டூரிங் மோட்டாரை எல்லாம் வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பினா பாஸ் ஆகுமா?" உடனே நாலு பேர், "ஏன் ஆகாது, அதான் ரோட் டேக்ஸ் இருக்கே" என்று பதில் போட்டார்கள். அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

ரோட் டேக்ஸ் இருந்தால் வண்டி நல்லா இருக்கிறது என்று அர்த்தம் இல்லீங்க. அது வரி கட்டினதுக்கான அத்தாட்சி, அவ்வளவுதான். நம்ம நாட்டில் லோரி, பஸ் எல்லாம் 6 மாதத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகணும். 1994இல் புஸ்பாகோம் வந்ததிலிருந்து அது பழக்கமான விஷயம். இ-ஹெய்லிங் ஓட்டுகிற கார்கூட 3 வருஷத்தைத் தாண்டினால் வருஷத்துக்கு ஒரு தடவை போகணும். ஆனா நம்ம சொந்த மோட்டாரை? யாரும் கூப்பிடுவதில்லை. இன்சூரன்ஸ் எடு, பணத்தைக் கட்டு, முடிந்தது. 150 சிசி வரைக்கும் 2 வெள்ளி. டோமினார் மாதிரி வண்டிக்கு 100 வெள்ளி. 650 வெர்சிஸ் என்றால் 250 வெள்ளி. அந்த 250 வெள்ளியை வாங்குகிறவங்க யாரும் பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கு என்று கேட்பதில்லை.

வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிற ஊரில் என்ன நடக்குது என்று பார்ப்போம். பக்கத்தில் சிங்கப்பூர். அங்கே 3 வருஷத்துக்கு மேல் ஆன எல்லா மோட்டாரும் ஆண்டுதோறும் போகணும். இங்கிலாந்தில் இந்தச் சோதனை 1960இல் தொடங்கியது. அங்கேயும் 3 வருஷம் தாண்டின வண்டிகள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை போகணும். அந்த நாட்டுக் கணக்கைப் பார்த்தால் கார்களில் பத்துக்கு மூன்று முதல் தடவையிலேயே பெயில். மோட்டாரில் பத்துக்கு இரண்டுகூடப் பெயில் ஆவதில்லை. ஆக அந்தத் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமா, நல்லாவே பாஸ் ஆகும்.

ஏன் என்றால் இந்த வண்டி வைத்திருக்கிறவர் அதைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறார். செயின், டயர், பிரேக், போர்க் எல்லாம் வெளியிலேயே தெரியுது. கழுவும்போதே கண்ணில் படும். காரில் இதெல்லாம் அடியில் மறைந்து கிடக்கும்.

ஆனா இதை வைத்து நாம சந்தோஷப்பட முடியாது. அங்கே நிறைய பேர் வெயில் காலத்தில் மட்டும் வண்டியை வெளியே எடுப்பார்கள். வருஷத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓடும். நம்ம பையன்கள் தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேலைக்கு ஓட்டுகிறார்கள், மழையிலும் வெயிலிலும். அதே வண்டியில் பெட்டி மூன்றைக் கட்டி, பின்னால் மனைவியை ஏற்றி மாரானுக்கும் போகிறார்கள். அதோடு, அங்கே பெயில் ஆகிற மோட்டார் பெரும்பாலும் எதனால் பெயில் ஆகுது தெரியுமா? லைட், சிக்னல். எஞ்சின் கோளாறு இல்லை. சில வெள்ளிக் காசில் மாற்றுகிற பல்புதான் விலை உயர்ந்த வண்டியை நிறுத்தி வைக்குது. அடுத்தது பிரேக், டயர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன்.

இன்னொரு விஷயம். சிங்கப்பூரில் சிலர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் ஒரிஜினல் எக்ஸாஸ்டை மாட்டி, பாஸ் ஆனதும் சத்தம் போடுகிறதைத் திரும்ப மாட்டிக்கொள்வார்கள் என்று மோட்டார்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். பாஸ் என்பது அந்த ஒரு நாளைக்கு, அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான். மறுநாள் டயரில் ஆணி ஏறினால் சர்டிபிகேட் வந்து காப்பாற்றாது.

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்களிடம் காற்றுக் கம்ப்ரெசர் டேங்க் இருக்கு, லிஃப்ட் இருக்கு. அதுக்கெல்லாம் அரசாங்கத்தின் தகுதிச் சான்று வேணும், காலாவதி ஆனால் ஓட்டக்கூடாது. அந்தச் சான்று சுவரில் தொங்குது. ஆனாலும் ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் ஆபரேட்டர் செக்லிஸ்டைக் கையில் எடுத்துத்தான் மெஷினைத் தொடணும். சான்று இருக்கே, எதுக்குச் செக்லிஸ்ட் என்று எந்த ஆபரேட்டரும் கேட்க மாட்டார். மெஷினுக்கு இரண்டும் இருக்கு. நம்ம பிள்ளை உட்கார்ந்து 110இல் போகிற மோட்டாருக்கு இரண்டுமே இல்லை.

இதை ஆலயத்தில் ஏன் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். இந்த நாட்டில் ஒரு வருஷத்தில் சாலையில் சாகிறவர்கள் 6 ஆயிரத்துக்கு மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போனவர்கள். துக்க வீட்டுக்குப் போய் நிற்பது நாமதான். பெரும்பாலான விபத்து ஓட்டுகிறவர் தப்பால்தான் நடக்குது, வண்டிக் கோளாறால் நடப்பது குறைவு என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனா பாருங்க, காராக் நெடுஞ்சாலையில் மழை பெய்யும்போது முன்னால் போகிற லோரி திடீர்னு பிரேக் போட்டால், நம்ம பையன் செய்த சின்னத் தப்பை நல்ல டயர் மன்னிச்சு விட்டுடும். போத்தாக் டயர் மன்னிக்காது. கோம்பாக்கில் ஏறி கெந்திங் செம்பா குகையைத் தாண்டினதும் பெந்தோங் பக்கம் நீளமா இறங்கும். இரண்டு பேர், மூன்று பெட்டிச் சுமையோடு இறங்கும்போதுதான் பழைய பிரேக் ஆயில் வேலையைக் காட்டும்.

சாமி பார்த்துக்குவார் என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எனக்கும் அந்த நம்பிக்கை இருக்கு. ஆனா சாமியின் வாகனத்தையே நாம எப்படிப் பார்க்கிறோம்? தமிழ்நாட்டில் தேர் இழுக்குமுன் பொதுப்பணித்துறை இன்ஜினியர் வந்து தேரைச் சோதிச்சு உறுதிச் சான்று கொடுக்கணும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தியாகராஜருடைய தேருக்கே பிரேக்கும் சான்றும் தேவைப்படுது! இங்கே நம்ம ஆலயத்தில் காவடி தூக்குமுன் எத்தனை பேர் முடிச்சை இழுத்துப் பார்க்கிறோம், தோள் பட்டையை ஆட்டிப் பார்க்கிறோம்? சோதித்துப் பார்ப்பதால் யாருக்கும் பக்தி குறைந்து போகவில்லை.

மோட்டாருக்கு வந்தால் மட்டும் வேற கதை. மாலை போடுகிறோம், விபூதி சந்தனம் வைக்கிறோம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அந்தப் பழத்தை வைக்கக் குனியும்போது டயரை ஒரு தடவை பார்த்தால் என்ன? பார்க்கிங்கில் வண்டி ஒதுக்கி விடுகிற தொண்டன் நான். பின் டயர்தான் எனக்கு முதலில் கண்ணில் படும். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடின டூரிங் டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகி, ஓரத்தில் மட்டும் பூ மிச்சம் இருக்கும். பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்குப் புது டயர் மாதிரித் தெரியும்.

கட்டாய இன்ஸ்பெக்‌ஷன் கொண்டு வாங்க என்று அரசாங்கத்தைக் கேட்கிறேனா? இல்லை. இந்த நாட்டில் ஒரு கோடிக்கு மேல் மோட்டார் இருக்கு. அதில் பெரும்பாலானவை வேலைக்குப் போகிற ஏழையின் கப்சாய். அவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வரிசையில் நிற்கணுமா? மாரான் குழுப் பயணம் வேற. அது நாம சேர்ந்து ஏற்பாடு செய்வது, ஆலயத்தின் பேரில் போவது. அதுக்கு நாமே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். எந்த ஜே.பி.ஜே.யும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

என் யோசனை இதுதான். பயணத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன், காலை பூஜை முடிந்ததும் ஆலயத் திடலில் எல்லா மோட்டாரையும் நிறுத்துவோம். நம்ம பக்தர்களிலேயே மெக்கானிக் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம் போதும்.

முதலில் டயர். பூவின் நடுவில் தேய்மானக் கட்டை இருக்கும், ரப்பர் அந்தக் கட்டைக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. பக்கத்தில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பூ நிறைய இருந்தாலும் வெயிலில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றணும். காற்று, ஆள் சுமைக்கும் பெட்டிச் சுமைக்கும் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி இருக்கணும்.

இரண்டாவது பிரேக். பேட் எவ்வளவு இருக்கு, ஆயில் கறுத்துப் போச்சா, கடைசியா எப்போ மாற்றினது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. ஏ.பி.எஸ். லைட் அணையாமல் எரிந்தால் அப்படியே விடக்கூடாது.

மூன்றாவது லைட். முன், பின், பிரேக், நாலு சிக்னல். கடையில் வாங்கி ஒட்டின ஸ்பாட்லைட் வயரை டேப் சுற்றி விட்டிருந்தால் அதையும் பார்க்கணும்.

நாலாவது செயின். தொய்வு, எண்ணெய், பல்சக்கரத்தின் பல் கூராகிப் போச்சா.

ஐந்தாவது ஸ்டியரிங். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டலை மெதுவா இடம் வலம் திருப்பினால் நடுவில் எங்கேயும் தடுக்கக்கூடாது. போர்க் சீலில் எண்ணெய் கசியக்கூடாது.

இந்த ஐந்தும் சரி என்றால் அப்பவே குருக்களைக் கூப்பிட்டு மாலை போடுவோம், எலுமிச்சம்பழம் வைப்போம். சரியில்லை என்றால் இரண்டு வாரம் டைம் இருக்கு, சரி பண்ணிட்டு வரட்டும். பணம் பத்தவில்லை என்றால் பஸ்ஸில் ஒரு இடம் போட்டு வைப்போம். யாரையும் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தக்கூடாது. பஸ்ஸில் போனாலும் மரத்தாண்டவர் பார்ப்பார்தானே.

பயணத்தன்று கிளம்புமுன் அவரவர் வண்டியை அவரவர் இன்னொரு தடவை பார்க்கணும். டயரை அழுத்து, பிரேக்கைப் பிடி, லைட்டைப் போடு. இரண்டு நிமிஷ வேலை. திரும்பி வருமுன் மாரானிலும் அதே இரண்டு நிமிஷம். வீட்டுக்கு வரும்போதுதான் களைப்பு, அவசரம் எல்லாம் சேரும்.

அம்மாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன் கிளம்பும்போது "மெதுவாப் போய்யா" என்று சொல்கிறீர்கள். இந்தத் தடவை கூடவே "டயரைப் பார்த்தியா?" என்றும் கேளுங்க. சூப்பர்வைசர் கேட்டால் கோபம் வரும், அம்மா கேட்டால் போய்ப் பார்ப்பான்.

நிர்வாகக் குழுவிடம் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். சம்மதம் என்று நினைக்கிறவர்கள் கீழே பேர் போடுங்க. மெக்கானிக் தெரிந்தவர்கள், காற்று மானி வைத்திருக்கிறவர்கள் எனக்குத் தனியாச் செய்தி அனுப்புங்க. மறுக்கிறவர்களும் காரணத்தை எழுதுங்க, பேசுவோம்.

முருகா சரணம்.