அமெரிக்கா போகிறீர்களா? மலிவு டிக்கெட்டில் மயங்க வேண்டாம்!

நெய்வேலி—

நெய்வேலியிலிருந்தே சென்னைக்குப் பறக்கலாம் என்று 2017-ல் உடான் திட்டத்தில் ஆசை காட்டினார்கள். ஏர் ஒடிசா விமானம் வரவே இல்லை!

பேரன், பேத்தியைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் டவுன்ஷிப் பெரியவர்கள் மீனம்பாக்கமோ திருச்சியோதான் போகணும். திருச்சி பக்கம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் விமானம் மலிவு. ஆனால் குறைந்த கட்டண டிக்கெட்டில் பெரிய பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு. ஊறுகாய், பொடி இல்லாமல் எந்தப் பாட்டி கிளம்புவாள்?

சிங்கப்பூரிலிருந்து வேறு கம்பெனியில் தனி டிக்கெட் எடுத்தால் வந்தது வினை. முதல் விமானம் லேட்டானால் அடுத்த டிக்கெட் போச்சு. கேட்க நாதியில்லை.

சென்னையிலிருந்து துபாய் வழி எமிரேட்ஸ், லண்டன் வழி பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்று ஒரே டிக்கெட்டாகப் போட்டால், விமானம் லேட்டாகி இணைப்பு தவறினாலும் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனி பொறுப்பு.

பணம் கட்டும் முன் டிராவல்ஸ்காரரிடம், "பி.என்.ஆர். ஒண்ணா, ரெண்டா சார்?" என்று கேளுங்க. ரெண்டு என்றால் எழுந்து வந்துவிடலாம்.