காலாண்டு லீவுக்கு முன்னாடி

ஆடி மாசம் பாதி தாண்டினால் எங்க பக்கத்தில் ஒரு பேச்சு ஆரம்பிக்கும். வாய்க்கால் தண்ணி, மஞ்சள் விலை, ஆள் கிடைக்காத கதை எல்லாம் பேசி முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். "ஏனுங்க, பையன் போன் பண்ணி அழுவுறானுங்க. கூட்டிட்டு வந்துரலாம்ங்களா?"

பையன் பத்தாவது வரைக்கும் உள்ளூர் அரசு உயர்நிலைப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவன். ஐந்நூறுக்கு நானூற்று அறுபது, எழுபது வாங்கியிருப்பான். பள்ளிக்கூட வாசலில் அவன் போட்டோ போட்ட பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். ஜூன் மாசம்தான் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஏதோ ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். இல்லையென்றால் அரசே நடத்துகிற மாதிரிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கும். 2021-ல் சில மாவட்டங்களில் மட்டும் ஆரம்பித்து இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிற, தங்கிப் படிக்கும் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிறவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு போகிறார்கள். செலவில்லாத நல்ல வாய்ப்பு. ஆனால் எங்கே போனாலும் முதல் மூணு மாசம் ஒன்றுதான்.

அழுகைக்குக் காரணம் வீட்டு நினைப்பு என்று எல்லாரும் சொல்லுவார்கள். அது கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் அதைவிடப் பெரிசாக ஒன்று இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் நடப்பது புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கம். அதனால் "சாப்பாடு நல்லால்ல", "வயிறு வலிக்குது" என்று சொல்லும்.

ஏன் புரியவில்லை என்று நானும் பல பிள்ளைகளிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். முடுக்கம் என்றால் என்ன என்று கேளுங்கள், பையன் பளிச்சென்று சொல்லுவான். உந்தம், நிலைமம், உராய்வு எல்லாம் தெரியும். புதுப் பள்ளியில் வாத்தியார் ஆக்ஸிலரேஷன், மொமென்டம், இனர்ஷியா என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். தனக்குத் தெரிந்த விஷயம்தான் கரும்பலகையில் ஓடுகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. கணக்கில் கணங்களும் சார்புகளும் செட், ஃபங்ஷன் ஆகிவிடும். பத்து வருஷம் படித்தது ஒரே நாளில் காணாமல் போன மாதிரி இருக்கும். தான் மக்கு என்ற முடிவுக்கு அவன் வருவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, நகரத்தில் இருக்கிற உங்களில் பலருக்கே மறந்திருக்கும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது பாடம் இயக்கவியல். அதிலேயே வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் வந்துவிடும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது இரண்டாம் தொகுதியில்தான் இருக்கிறது. அதாவது ஜூலையில் இயற்பியல் வாத்தியார் பயன்படுத்துகிற சாமானை, கணக்கு வாத்தியார் பல மாசம் கழித்துத்தான் கையில் கொடுப்பார். மெட்ரிக் பள்ளியிலேயே படித்து வந்த பையன் கோடை லீவில் ஏதாவது கிராஷ் கோர்ஸ் போய் அதைத் தொட்டுப் பார்த்திருப்பான். எங்க ஊர்ப் பையன் கோடை லீவில் கரும்புக்குத் தண்ணி கட்டியிருப்பான். முதல் தேர்வில் ஒருத்தன் எண்பது வாங்க, இன்னொருத்தன் முப்பது வாங்குவதற்கு மூளை காரணமில்லீங்க, அந்த ரெண்டு மாசம்தான் காரணம். இது அந்தப் பையனுக்குத் தெரியாது. அவன் அப்பாவுக்கும் தெரியாது. ரேங்க் போர்டில் அறுபது பேரில் ஐம்பத்தி மூணாவது பேராக அவன் பேர் இருக்கும். அது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் என்ன செய்கிறோம்? வாரத்துக்கு ஒரு தடவை, வார்டன் போனில் அஞ்சு நிமிஷம் கிடைக்கும். அதில் நாலு நிமிஷம் "எவ்வளவு மார்க்கு? ஏன் கொறஞ்சுது? எவ்வளவு கட்டியிருக்கோம் தெரியுமா?" என்று போய்விடும். மீதி ஒரு நிமிஷம் அம்மா அழுவார். அப்புறம் டியூஷன் வைக்கலாமா என்று யோசனை. காலை அஞ்சு மணிக்கு எழுப்பி ராத்திரி பத்தரைக்குப் படுக்க விடுகிற இடத்தில் டியூஷனுக்கு எங்கே நேரம்?

நாற்றைப் பிடுங்கி நடுகிறோம். நட்ட வாரம் வயலைப் பார்த்தால் மனசு கெட்டுப்போகும். வெளுத்துப்போய், தலை சாய்ஞ்சு, ஏண்டா நட்டோம் என்று இருக்கும். விவரம் தெரிந்தவன் யாரும் அந்த வாரத்தில் யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டான். தண்ணியை மெல்லிசாக நிறுத்தி, வேர் பிடிக்க விடுவான். ஒரு வாரம், பத்து நாளில் பச்சை கட்டிவிடும். இதையெல்லாம் மூணு தலைமுறையாகச் செய்கிற மனுஷன்தான் மகனுக்கு மட்டும் நட்ட மறுநாளே உரம் போடப் பார்க்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்து நடவு அவருக்குப் பழக்கமில்லாதது. அவரே போய் வந்த வழியாக இருந்தால் சொல்லியிருப்பார்.

என் அனுபவத்தில் பார்த்தவரை, தாக்குப்பிடித்த பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரு ஆள் இருந்தது. மேதாவி வேண்டாம். இதே வழியில் ரெண்டு வருஷம் முன்னாடி போன, இதே ஊர்க்காரன் ஒருத்தன் போதும். எங்க ஊரிலிருந்து மாதிரிப் பள்ளிக்குப் போன ஒரு பெண் பிள்ளைக்கு, கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெருப் பெண் போன் பண்ணிச் சொன்னது மொத்தமே மூணு விஷயம். காலாண்டு வரைக்கும் மார்க்கு விழும், எனக்கும் விழுந்துச்சு. ஒன்றும் புரியாவிட்டாலும் வகுப்பில் முன் பெஞ்சில் உட்காரு. தமிழ் வழிப் புத்தகத்தையும் வாங்கிப் பக்கத்தில் வைச்சுக்கோ.

மூணாவது விஷயம் சாதாரணமாகத் தெரியும். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நம்ம பாடநூல் தமிழ் வழி, ஆங்கில வழி ரெண்டும் ஒரே பாடம், ஒரே வரிசை, ஒரே படம். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் அதைவிட நல்ல அகராதி கிடையாது. இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் ஹாஸ்டலில் போனுக்கு அனுமதி இல்லை என்பதால் அச்சடித்த புத்தகம்தான் வேண்டும். அந்தப் பெண் பிள்ளை ராத்திரி தமிழ்ப் புத்தகத்தில் படித்துவிட்டுக் காலையில் ஆங்கிலப் புத்தகத்தில் அதே பக்கத்தைப் படிக்கும். ஆடி, ஆவணி ரெண்டு மாசம். அப்புறம் தமிழ்ப் புத்தகம் தானாகவே பெட்டிக்கு அடியில் போய்விட்டது. இதைச் செய்யச் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு செலவாகும் சொல்லுங்கள்? ஆனாலும் எனக்குத் தெரிந்த தனியார் ஹாஸ்டல் பள்ளி ஒன்றில், தமிழ்ப் புத்தகம் வைத்திருந்த பையனிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். இங்கிலீஷ் பழக வேண்டுமாம்.

பள்ளிகள் மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. புதுசாக வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு தேர்வு வைத்து, அந்த மார்க்கை வைத்து ஏ செக்ஷன், எஃப் செக்ஷன் என்று பிரித்துவிடுகிறார்கள். எஃப் செக்ஷனில் விழுந்த பிள்ளை அங்கிருந்து ஏறி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. நல்ல வாத்தியார்கள் எல்லாம் ஏ செக்ஷனுக்குப் போவார்கள். காலாண்டு முடிகிற வரைக்கும் ரேங்க் போடாமல் இருந்தால் குடியா முழுகிவிடும்? அதோடு, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவுகிற பழக்கம் ஒன்று ரொம்ப நாளாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. இப்போது 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது என்ற வகையில் எனக்குச் சந்தோஷம்தான். பழைய தாவல் திரும்ப வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. தாவினால் முதலில் கீழே விழுவது எங்க ஊர்ப் பிள்ளைதான். அடித்தளம் போடுகிற அந்த ஒரு வருஷம் மற்றவர்களைவிட அதற்குத்தான் அதிகம் தேவை.

சேர்ப்பதற்கு முன்னாடியே யாராவது சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. 2021-லிருந்து பொறியியல், வேளாண்மை மாதிரித் தொழிற்படிப்புகளுக்கும் உண்டு. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, நல்லது செய்கிறோம் என்று நினைத்து, நகையை அடகு வைத்துத் தனியார் பள்ளிக்கு மாற்றும்போது இந்த ஒதுக்கீடு கையைவிட்டுப் போகிறது. எத்தனை அப்பாக்களுக்கு இது தெரிந்திருக்கும் என்கிறீர்கள்? பணம் வாங்கிச் சேர்க்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

"எதுக்குங்க இந்த மாதிரிக் கசக்கிப் பிழியுற பள்ளிக்கூடம்? ஊர்லயே காத்தாடப் படிக்கட்டுமே" என்று நகரத்து நண்பர்கள் எழுதுவார்கள். சொல்லுகிறவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட ஹாஸ்டலில் படித்து வெளியே வந்தவர்கள்தான். அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. எனக்கும் அந்த அஞ்சு மணி எழுப்பலும் அடைத்து வைப்பதும் பிடிக்காது. ஆனால் எங்க ஊரிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதினாலு கிலோமீட்டர் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். கஷ்டமான பள்ளியே வேண்டாம் என்று சொல்லுகிற வசதி எங்களுக்குக் குறைவு. போன பிள்ளை உடையாமல் இருக்க வழி பார்ப்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது.

திரும்பிவரவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அடிக்கிறார்கள் என்றாலோ, பிள்ளை நாலு நாளாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேச்சே வித்தியாசமாக இருக்கிறது என்றாலோ, கட்டின பணம் போனால் போகிறது என்று அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பே ஒத்துவராது. காமர்ஸ் குரூப்பில் பூப்போல வரும். அதை ஜூலையிலேயே மாற்றிவிடலாம். நான் சொல்லுவது, மார்க்கு குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பி வருகிற பிள்ளைகளைப் பற்றி.

பையன் திரும்பி வந்தால் ஐடிஐ, பாலிடெக்னிக் என்று ஏதாவது ஒரு வழி பிறக்கும். பெண் பிள்ளை திரும்பி வந்தால் கதை வேறு. "அதுக்குப் படிப்பு ஏறலைங்க" என்று ஒரு தடவை ஊருக்குள் பேச்சு வந்துவிட்டால் போதும், அடுத்த தையில் சொந்தத்தில் மாப்பிள்ளை பேச்சு ஆரம்பிக்கும். முதல் தேர்வில் வாங்கின முப்பத்தஞ்சு மார்க்குக்கு ஒரு பெண் பிள்ளை கொடுக்கிற விலை அது. நான் இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் பத்தாவதில் என் பையனைவிட அதிக மார்க்கு.

உங்களில் நிறையப் பேர் உதவி செய்கிறேன், ஃபீஸ் கட்டுகிறேன் என்று எழுதுகிறீர்கள். நல்ல மனசு. தேவைப்படுகிற குடும்பம் இருந்தால் சொல்லுகிறேன். ஆனால் பணத்தைவிட இப்போது அவசரம் உங்கள் குரல். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக்குப் போய்த் திணறினவர்கள் உங்களில் எத்தனை பேர்! அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரில் அரியர் வைத்ததை இப்போது சிரித்துக்கொண்டே சொல்லுகிறீர்கள். அந்தக் கதை இந்தப் பதினைந்து வயசுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். "நானும் அழுதேன், எனக்கும் முப்பது மார்க்குதான், தைக்கு மேல சரியாச்சு" என்று சொந்த ஊர்க்காரர் ஒருத்தர் சொன்னால், அதற்கு எந்த கவுன்சிலிங்கும் ஈடாகாது.

நேரமும் தோதாக இருக்கிறது. காலாண்டுப் பரீட்சை செப்டம்பரில் முடியும். அதை ஒட்டிப் பிள்ளைகளுக்கு லீவு விடுவார்கள். அந்த லீவுக்கு வந்தவர்கள்தான் அதிகமாகத் திரும்பிப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, நாளைக்குப் போறேன், நாளான்னிக்குப் போறேன் என்று தள்ளிக்கொண்டே போகும். ஆயுத பூஜையும் அதை ஒட்டித்தான் வருகிறது. நீங்களும் எப்படியும் ஊருக்கு வருவீர்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்தால் ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போங்கள். போனதும் மார்க்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதை ஏற்கெனவே ஊரே கேட்டிருக்கும். இயற்பியல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி இரண்டாவது பாடத்தை விரியுங்கள். முடுக்கம்தான் ஆக்ஸிலரேஷன் என்று அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.